கிலேமெந்துவின் நிருபத்தை வேதாகமத்தோடு ஒப்பிட்டு வாசிக்கும் முறை

திருத்தூதர்களுக்கு அடுத்த தலைமுறையினர் எழுதியவற்றை வாசிக்க விரும்பும் சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ரோமாபுரிச் சபை கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தைத்தான். கி.பி. 96-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. நிருபத்திற்குள் எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. ரோமாபுரியின் தொடக்ககால ஆயரான கிலேமெந்து எழுதினார் என்பது திருச்சபை மரபு வழியாக வந்தது. 65 அதிகாரங்கள் என்றாலும் அவை சிறியவை. வாரம் ஒரு மாலை ஒதுக்கினால் நான்கு அல்லது ஐந்து வாரங்களில் வாசித்துவிடலாம். வேதாகமத்தில் சேராத, பரபரப்பாகப் பேசப்படும் பிற்கால நற்செய்திகளை விட்டு இதிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆதிச் சபை எதை வேதமாகக் கருதியது, எதை எப்படி மேற்கோள் காட்டியது என்ற கேள்விக்கு இந்த ஒரே நிருபத்திற்குள் இத்தனை சான்றுகள் கிடைக்கின்றன.

மேசைமேல் இரண்டு தமிழ் வேதாகமங்களை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாசிப்புக் குழுவில் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் ஓப்பீர் சாலை லூர்து மாதா ஆலயத்தைச் சேர்ந்தவர்களும் இருப்பதால், பழைய திருப்புதல் என்னும் புராட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பும் 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் தாமாகவே மேசைக்கு வந்துவிடுகின்றன. ஒருவர் நிருபம் என்பதை மற்றவர் திருமுகம் என்பார். அது சிறிய சிரமம்தான். இரண்டும் தேவைப்படுவதற்கு வலுவான காரணம் வேறு. 55-ஆம் அதிகாரத்தில் எஸ்தரோடு யூதித்தும் எடுத்துக்காட்டாக வருகிறார். 27-ஆம் அதிகாரத்தில் சாலமோனின் ஞானம் நூலின் சொற்கள் எதிரொலிக்கின்றன. யூதித்து, ஞானம் ஆகிய நூல்கள் இல்லாத பழைய திருப்புதலை மட்டும் வைத்திருப்பவர் இந்த இடங்களைத் தேடிக் களைத்துப்போவார். நிருபத்தின் பாடத்திற்கு, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகள் போதும். குழுவில் ஒருவர் அதை வாய்விட்டுத் தமிழில் சொல்லிவரலாம்.

முதல் வாசிப்பில் எதையும் குறிக்க வேண்டாம். கொரிந்துவில் குற்றமற்ற மூப்பர்கள் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள், அதனால் சபை பிளவுபட்டது, அதைச் சரிசெய்ய ரோமாபுரிச் சபை எழுதுகிறது என்பது புரிந்தால் போதும். ஆனால் முதல் வரியில் மட்டும் சற்று நின்று செல்லுங்கள். 'ரோமாபுரியில் அந்நியராகத் தங்கியிருக்கும் தேவனுடைய சபை, கொரிந்துவில் அந்நியராகத் தங்கியிருக்கும் தேவனுடைய சபைக்கு' என்று அது தொடங்குகிறது. நாகப்பட்டினத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான எங்களுக்கு அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் நெஞ்சைத் தொடுகிறது.

இரண்டாம் வாசிப்பில் பென்சிலை எடுங்கள். மேற்கோள் வரும் இடத்தில், என்ன மேற்கோள் என்பதைவிட, அது எந்தச் சொற்களால் அறிமுகப்படுத்தப்படுகிறது என்பதைக் கவனித்து அடிக்கோடிடுங்கள். 13-ஆம் அதிகாரம் இதற்கு மிகச் சிறந்த பயிற்சிக் களம். முதலில், 'எழுதப்பட்டிருப்பதைச் செய்வோம். ஏனெனில் பரிசுத்த ஆவி சொல்லுகிறார்' என்று முன்னுரைத்து, ஞானி தன் ஞானத்தைக் குறித்து மேன்மைபாராட்டக் கூடாது என்ற எரேமியா 9-ஆம் அதிகாரத்தின் வார்த்தைகள் வருகின்றன. உடனே அடுத்ததாக, 'எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டவராகிய இயேசுவின் வார்த்தைகளை நினைவுகூர்ந்து' என்று சொல்லி, ஏழு சிறு வாக்கியங்கள் அடுக்கப்படுகின்றன: இரங்குங்கள், இரக்கம் பெறுவீர்கள்; மன்னியுங்கள், மன்னிக்கப்படுவீர்கள்; நீங்கள் செய்வதுபோல் உங்களுக்கும் செய்யப்படும் என்று தொடங்கி, அளக்கும் அளவாலேயே உங்களுக்கும் அளக்கப்படும் என்று முடிகின்றன. இப்போது மத்தேயு 5:7, 6:14, 7:1-2, 7:12 ஆகியவற்றையும் லூக்கா 6:31, 6:36-38 ஆகியவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்தையும் தேடச் சொல்லுங்கள். கருத்து பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் இந்த ஏழும் இதே வரிசையில், இதே சொற்களில் எந்த நற்செய்தியிலும் கிடைக்காது.

கிலேமெந்து நற்செய்தி நூலொன்றை மனப்பாடமாகச் சொன்னாரா, அல்லது சபைகளில் வாய்மொழியாகக் கற்பிக்கப்பட்ட தொகுப்பு ஒன்றை நினைவிலிருந்து எழுதினாரா? இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான் இரண்டாவதை நோக்கியே சாய்கிறேன், ஏனெனில் 'நினைவுகூர்ந்து' என்ற முன்னுரை அப்போஸ்தலர் 20:35-இலும் அப்படியே வருகிறது, அங்கே பவுல் சொல்லும் இயேசுவின் வாக்கும் நான்கு நற்செய்திகளில் இல்லை. எந்த முடிவுக்கு வந்தாலும் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. எழுதப்பட்ட வேதம் என்று அவர் அழைப்பது பெரும்பாலும் பழைய ஏற்பாட்டை. ஆயினும் ஆண்டவரின் வார்த்தை அதற்குச் சற்றும் தாழ்ந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

மேற்கோள் உங்கள் வேதாகமத்தோடு பொருந்தாதபோது ஆசிரியர் தவறு செய்தார் என்று அவசரப்பட வேண்டாம். 16-ஆம் அதிகாரத்தில் ஏசாயா 53 ஏறக்குறைய முழுவதுமாக வருகிறது. 10-ஆம் வசனத்தில் நம் தமிழ் வேதாகமம், கர்த்தர் அவரை நொறுக்கச் சித்தமானார் என்கிறது. கிலேமெந்துவிடமோ, கர்த்தர் அவரைக் காயத்திலிருந்து சுத்திகரிக்கச் சித்தமானார் என்று இருக்கும். அவர் வாசித்தது கிரேக்க மொழியிலான எழுபதின்மர் மொழிபெயர்ப்பு. நம் மொழிபெயர்ப்புகள் எபிரெய மூலத்தைப் பின்பற்றுகின்றன. இதைக் குழுவினருக்கு விளக்க எளிய வழி, சங்கீதம் 40:6-ஐயும் எபிரெயர் 10:5-ஐயும் அடுத்தடுத்து வாசிக்கச் செய்வது. சங்கீதத்தில் செவிகள் திறக்கப்படுகின்றன. எபிரெயரில் சரீரம் ஆயத்தம்பண்ணப்படுகிறது. புதிய ஏற்பாடே கிரேக்கப் பாடத்தை மேற்கோள் காட்டுகிறது என்று கண்டபின் எவரும் கிலேமெந்துவைக் குறைசொல்வதில்லை.

அடுத்து, பவுலின் நிருபங்கள் எப்படிக் கையாளப்படுகின்றன என்று பாருங்கள். 47-ஆம் அதிகாரம், 'பாக்கியவானாகிய பவுலின் நிருபத்தைக் கையில் எடுங்கள்' என்று கொரிந்தியரிடம் சொல்லி, 1 கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் உள்ள பிரிவினைகளை நினைவூட்டுகிறது. பவுல் மெய்யாகவே ஆவிக்குரியவராக எழுதினார் என்றும் சொல்கிறது. 36-ஆம் அதிகாரமோ எபிரெயர் முதல் அதிகாரத்தை நெருக்கமாகப் பின்பற்றுகிறது, ஆனால் எவர் பெயரையும் சொல்வதில்லை. பவுலுக்கு இத்தனை மதிப்பு இருந்தும், வேதத்தை மேற்கோள் காட்டும்போது வரும் 'எழுதியிருக்கிறது' என்ற முத்திரைச் சொல் அவருக்கு வழங்கப்படவில்லை. சரி, ஆவியால் எழுதினார் என்பதே வேதத்தின் அடையாளமாகக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்பார். அப்போது 63-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள்: தாங்கள் இப்போது எழுதுவதும் பரிசுத்த ஆவியின் மூலமாகவே என்று ரோமாபுரிச் சபை அங்கே சொல்வதாகத்தான் பெரும்பாலோர் வாசிக்கின்றனர். ஆகவே ஆவி என்ற அந்த ஒரு சொல்லை வைத்து வேதத்திற்கு எல்லைக்கோடு போட முடியாது.

23-ஆம் அதிகாரம் விசுவாசமுள்ள வாசகரைத் திகைக்க வைக்கக்கூடியது. இருமனமுள்ளவர்கள் பரிதபிக்கப்படத்தக்கவர்கள் என்று தொடங்கும் ஒரு பகுதியை வேதவாக்கியம் என்றே அது மேற்கோள் காட்டுகிறது. அந்த நூலோ நமக்குக் கிடைக்கவில்லை. இதைக் கண்டு கலங்குபவரிடம் யூதா 14-15 வசனங்களைக் காட்டலாம். அங்கே ஏனோக்கின் நூல் மேற்கோளாக வருகிறது, அந்த நூலை எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபை தவிரப் பெரும்பாலான சபைகள் தங்கள் வேதத்தில் சேர்க்கவில்லை. ஒரு நூலை மேற்கோள் காட்டுவதும் அதை வேத நூல்களின் பட்டியலாகிய திருமுறையில் சேர்ப்பதும் வேறு வேறு செயல்கள்.

இறுதியாக, பிற்காலத்தவர் இந்த நிருபத்தை எப்படி நடத்தினார்கள் என்று தேடுங்கள். 170-ஐ ஒட்டிக் கொரிந்து ஆயர் தியொனீசியு, கர்த்தருடைய நாளில் இதைச் சபையில் வாசித்துவருவதாக எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டின் வேதாகமக் கையெழுத்துப் பிரதியான அலெக்சாந்திரியச் சுவடியில் புதிய ஏற்பாட்டுக்குப் பின் இதுவும் இடம்பெற்றுள்ளது. இவ்விரண்டையும் வைத்து, இது ஒருகாலத்தில் வேதமாகவே இருந்தது என்று சில ஆண்டுகளுக்கு முன் நான் குழுவில் சொல்லிவிட்டேன், அது தவறு. சபையில் வாசிக்கப்பட்டது என்பதால் வேதமாக ஏற்கப்பட்டது என்று ஆகிவிடாது. எர்மா என்பவரின் 'மேய்ப்பர்' என்னும் ஆதிக்கிறிஸ்தவ நூல் சீனாய்ச் சுவடி என்னும் பழைய வேதாகமப் பிரதியில் இருந்தும், வேத நூல்களின் பழைய பட்டியலான முராத்தோரிப் பட்டியல் அதைத் தனியே வாசிக்கலாம், ஆனால் தீர்க்கதரிசிகளோடும் அப்போஸ்தலர்களோடும் சேர்த்துச் சபையில் வாசிக்கக் கூடாது என்கிறது. 367-இல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு தம் உயிர்ப்புப் பெருவிழா மடலில் நாம் அறிந்த 27 நூல்களைப் பட்டியலிட்டபோதும், 'மேய்ப்பர்', ஆதிச் சபையின் கையேடான 'அப்போஸ்தலர்களின் போதனை' ஆகியவற்றைப் புதிதாக விசுவாசத்திற்கு வருபவர்கள் வாசிக்கத் தக்கவை என்று தனி வரிசையில் வைத்தார். ஆகவே நோட்டுப் புத்தகத்தில் வேதம், தள்ளப்பட்டவை என்று இரண்டு பத்திகள் மட்டும் போடாமல், நடுவில் 'வாசிக்கத் தக்கவை' என்று மூன்றாவது பத்தியையும் போட்டு வையுங்கள்.

கிலேமெந்துவை முடித்தபின் 'அப்போஸ்தலர்களின் போதனை' நூலின் எட்டாம் அதிகாரத்திற்குச் செல்லுங்கள். 1056-இல் எழுதப்பட்ட சுவடியிலிருந்து 1873-இல் கண்டெடுக்கப்பட்ட நூல் அது. பரமண்டல ஜெபம் அங்கே ஏறக்குறைய மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் உள்ளபடி வருகிறது. முடிவில் வல்லமையும் மகிமையும் உண்டு, ராஜ்யம் இல்லை. குழுவினர் எல்லாரும் மனப்பாடமாக அறிந்த ஜெபம் என்பதால், எந்தச் சொல் குறைகிறது என்று நீங்கள் சொல்லாமல், அவர்களையே வாய்விட்டுச் சொல்லிக் கண்டுபிடிக்க விடுங்கள்.