காராய் விக்டோரியா பாலத்தைக் கைப்பேசியில் படம் பிடிப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் போகும் வழியில் காராய். அங்கே பேராக் ஆற்றின் மேல் நிற்கும் பழைய ரயில் பாலத்தை எங்கள் ஊரில் படம் எடுக்காத ஆள் குறைவு. எல்லார் படமும் ஒன்று போலவே இருக்கும். என்னுடைய முதல் படங்களும் அப்படித்தான்: நண்பகலில் போய் நூறு படம் எடுத்தேன், வீட்டில் பார்த்தால் அத்தனையும் சாம்பல் பூசிய இரும்பு. குற்றம் கைப்பேசியுடையது இல்லை. இரும்புக்குச் சாய்வான வெயில் வேண்டும்.

1. நேரம். நம் பக்கம் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் தலைகாட்டும். ஏழரைக்குப் பாலத்தில் இருங்கள். காரில் ஏர்கோன் போட்டு வந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைத்துக்கொண்டே இருக்காமல், ஒரு தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டு வாருங்கள், தானாகத் தெளிந்துவிடும்.

2. முழுப் பாலம். 1897இல் கட்டத் தொடங்கி 1900இல் பேராக் சுல்தான் இத்ரிஸ் திறந்துவைத்த பாலம் இது. நீளம் சுமார் 350 மீட்டர், செங்கல் தூண்கள், மேலே எஃகுச் சட்டங்கள், ஒற்றைத் தண்டவாளம். 2002இல் ரயில் பக்கத்துக் கான்கிரீட் பாலத்துக்கு மாறியது. அந்தப் புதுப் பாலம்தான் படத்துக்குள் மூக்கை நுழைக்கும். கரையில் தாழ்வாக இறங்கி, செங்கல் தூண் அதை மறைக்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். புதுப் பாலத்தில் மின்சார ரயில் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தில் கால் வைக்கவே கூடாது.

திரையில் இரும்பின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் அங்கேயே நிற்கும். பிறகு சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். வானம் வெளுக்காது.

3. ஓர் ஆள். ஆள் இல்லாத படத்தில் பாலத்தின் பருமன் தெரியாது. பக்கவாட்டு நடைபாதை ஒடுக்கமானது, மோட்டார் சைக்கிள்களும் வரும், ஒதுங்கி நின்று எடுங்கள். ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவரிடம், "ஐயா, ஒரு நிமிஷம் நிக்கிறீங்களா?" என்றேன். "என்னைய எதுக்குத் தம்பி, பாலத்த எடு" என்றார். ஆனாலும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். என்னிடம் இருப்பதில் அதுதான் நல்ல படம்.

4. கிட்டத்தில். எனக்குப் பிடித்த வேலை இதுதான். சட்டங்களை இணைக்கும் தறையாணிகளை (ரிவெட்) பாருங்கள், வரிசை வரிசையாக, அரை எலுமிச்சம்பழம் கவிழ்த்தது போல. காலை வெயிலில் ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக நிழல் விடும். நண்பகலில் அதே இடம் வெறும் தகடு.

அப்புறம் தண்டவாளம். பழைய தண்டவாளங்களின் விலாவில் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருப்பது வழக்கம். துரு மூடியிருந்தால் நேராகப் பார்த்துத் தெரியாது. இன்னொரு கைப்பேசியின் விளக்கை இரும்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்து எழுந்து நிற்கும். எதையும் சுரண்ட வேண்டாம். கழன்று கிடக்கும் ஆணியைப் பையில் போடவும் வேண்டாம்.

5. திருத்தம். லேசாக மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) கூட்டினால் போதும். நிறத்தை ஏற்றாதீர்கள்: துரு என்பது காய்ந்த மிளகாய் நிறம், ஆரஞ்சு மிட்டாய் நிறம் இல்லை.