மஞ்சக்குப்பம் வெக்கையில் ஒரு ஜப்பான் சீஸ்கேக்

ஜப்பான் சீஸ்கேக்குக்குக் கிடைக்கும் செய்முறைகளில் பாதி, "கிரீம் சீஸையும் முட்டையையும் வெளியில் எடுத்து வைத்துவிடுங்கள்" என்று ஆரம்பிக்கும். எழுதுகிறவர்கள் 20, 22 டிகிரி அடுப்படியை நினைத்து எழுதுகிறார்கள். கடலூரில் சித்திரை, வைகாசி மதியம் 35 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் முட்டை வெள்ளையை வைத்தால் நுரை சீக்கிரம் எழும், ஆனால் நிற்காது. இந்தக் கேக்கை உப்ப வைப்பதே அந்த நுரைதான். பேக்கிங் பவுடர் கிடையாது, அடியில் பிஸ்கட் கிடையாது. அதனால் நம் ஊரில் இதை விடியற்காலையில் செய்யுங்கள், இல்லையென்றால் மார்கழியில்.

முதலில் கிரீம் சீஸ். பாண்டிக்குப் போகும்போது ஐஸ் பேக் வைத்த பையில் வாங்கி வந்துவிடுவேன். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம், உறைந்து இளகினால் திரிதிரியாகிவிடும். "பன்னீரை அரைத்துப் போடலாமா, தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிடலாமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேக் வரும், இந்தக் கேக் வராது.

7 அங்குல டின்னுக்கு: கிரீம் சீஸ் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், பால் 100 மில்லி, முட்டை 5, பொடித்த சர்க்கரை 100 கிராம், மைதா 50 கிராம், கார்ன்ஃப்ளார் 15 கிராம், எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன், கொஞ்சம் வெனிலா. நம் வீடுகளில் முட்டைக் கவிச்சிதான் முதல் புகாராக வரும். எலுமிச்சைத் தோலைத் துருவிச் சேர்த்தால் அந்தப் பேச்சே எழாது. டின் 3 அங்குலமாவது உயரம் இருக்கட்டும். அடி கழலும் டின் வேண்டாம், தண்ணீர் உள்ளே புகும். அடியிலும் பக்கத்திலும் பட்டர் பேப்பர் வையுங்கள். பக்கத்துத் தாள் டின்னுக்கு மேலே ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

முட்டையை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாகப் பிரியுங்கள். ஜில்லென்று இருக்கும்போது மஞ்சள் கரு சுலபத்தில் உடையாது. வெள்ளையை மறுபடி ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள்.

கிரீம் சீஸ், வெண்ணெய், பால் மூன்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்துக் கட்டியில்லாமல் கரையுங்கள். இறக்கி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும்போது மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மைதாவையும் கார்ன்ஃப்ளாரையும் சலித்துப் போட்டு, பாதி எலுமிச்சைச் சாறும் வெனிலாவும் விட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை வடிகட்டிவிடுங்கள். சோம்பல்பட்டு வடிகட்டாமல் விட்டால் வாயில் மாவு தட்டுப்படும்.

இனி நிதானம் வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தை எலுமிச்சை மூடியால் துடைத்து, ஈரமில்லாமல் உலர்த்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவோ ஒரு சொட்டு இருந்தாலும் நுரை சரியாக எழாது. வெள்ளையோடு மீதிச் சாறு சேர்த்து பீட்டரை மெதுவாக ஓட்டுங்கள். நுரைத்ததும் சர்க்கரையை மூன்று தவணையாகப் போடுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்து தொங்க வேண்டும். இட்லிக்கு மாவு பொங்குவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இன்னும் கொஞ்சம் அடிக்கலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். நுனி நட்டுக்கொண்டு நின்றால் கேக் வேகமாக உயர்ந்து, மேலே வெடித்து, அப்புறம் அமுங்கிவிடும்.

நுரையில் மூன்றில் ஒரு பங்கை சீஸ் கலவையில் தாராளமாகவே கலக்கலாம், அது கலவையை இளக்கத்தான். மிச்சத்தை அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துச் சேருங்கள். ஒசாகாவின் ரிகுரோ ஓஜிசான் கடைக் கேக்கில் அடியில் உலர்திராட்சை இருக்கும். பிடித்தால் டின்னில் தூவிவிட்டு ஊற்றுங்கள். இரண்டு தட்டு தட்டினால் பெரிய குமிழிகள் போய்விடும்.

ஓடிஜியை, அதாவது வீட்டு மின்சார அவனை, முன்னதாகவே 150 டிகிரியில் சூடாக்கி வையுங்கள். டின்னை அகலமான தட்டில் வைத்து, ஓர் அங்குலத்துக்கு வெந்நீர் ஊற்றிக் கீழ்த் தட்டில் ஏற்றுங்கள். 150-இல் 20 நிமிடம், 140-இல் சுமார் 50 நிமிடம். சின்ன ஓடிஜியில் சூடாகும் மேல் கம்பி கேக்குக்கு வெகு பக்கத்தில் இருக்கும். கீழ்க் கம்பியை மட்டும் போட்டு, கடைசி ஐந்து நிமிடம் மேல் கம்பியைப் போட்டால் நிறம் வந்துவிடும். குச்சி சுத்தமாக வந்தால் வெந்துவிட்டது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வெந்த இந்தக் கேக்குக்கு மறுவாழ்வு இல்லை.

அணைத்ததும் எடுக்காதீர்கள். கதவில் மரக்கரண்டியைச் செருகி, லேசாகத் திறந்தபடி அரைமணி விடுங்கள். வெளியே எடுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். திடீர்க் காற்று பட்டால் மேல்தோல் சுருங்கும். எப்படிச் செய்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அதற்காக மனசு விடவேண்டாம்.

சூடாக இருக்கும்போது தட்டை அசைத்தால் கேக்கும் சேர்ந்து ஆடும், பஞ்சாகக் கரையும். நான்கு மணி நேரம் குளிரவைத்தால் சற்று இறுகி, சீஸ் ருசி தூக்கலாக வரும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பிள்ளைகள் அதுவரை விட்டு வைத்தால் பார்க்கலாம். கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டுங்கள். மிச்சத்தை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் சாப்பிடுங்கள். மீன்குழம்பு இருக்கும் அடுக்கில் மட்டும் வைக்காதீர்கள்.