பாரிசவாதத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்புதல்: எப்போது எதைச் செய்வது

பாரிசவாதம் வந்தவர் மறுபடி கடலுக்கோ கந்தோருக்கோ போவாரா என்பதில் பெரும்பகுதி முதல் சில மணித்தியாலங்களிலேயே முடிவாகிவிடுகிறது. மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் கணித்தார்கள்.

முகம் ஒரு பக்கம் கோணுதல், இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தானாகக் கீழே இறங்குதல், பேச்சுக் குழறுதல். இவற்றில் ஒன்று திடீரென்று வந்தாலே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். "பாரிசவாதம் மாதிரி இருக்கு, காலை எட்டு மணி வரைக்கும் நல்லா இருந்தார்" என்று முதல் வசனத்திலேயே நேரத்தைச் சொல்லுங்கள். திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஸ்கேன் எடுக்கக்கூடிய வைத்தியசாலைக்கே கொண்டுபோக முடியுமா என்று அம்புலன்ஸ்காரரிடம் கேளுங்கள். ஸ்கேன் இல்லாத இடத்தில் இறக்கி, பிறகு வேறிடத்துக்கு மாற்றினால் அதிலேயே நேரம் போய்விடும்.

வைத்தியர் கேட்கும் நேரம், நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம். நீங்கள் கண்டுபிடித்த நேரம் கணக்கில் வராது. இரவு பத்து மணிக்கு நல்லபடியாகப் படுத்தவர் காலை ஐந்து மணிக்குக் கை விழுந்து எழும்பினால் கணக்கு பத்து மணியிலிருந்துதான். அதற்காக "நேரம் போய்விட்டது" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். விசேட ஸ்கேன் செய்து பார்த்துச் சிலருக்குப் பிந்தியும் சிகிச்சை செய்கிறார்கள்.

மூளைக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டெப்லேஸ் ஊசியை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். அளவு நிறையைப் பொறுத்தது: கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவ்வளவு பாரமானவருக்கும் 90க்கு மேல் இல்லை. 60 கிலோ உள்ளவருக்கு 54 மில்லிகிராம். அதில் 5.4ஐ உடனே ஏற்றி, மிச்சத்தை ஒரு மணித்தியாலத்தில் விடுவார்கள். ஆகவே நிறை தெரிந்த ஒருவர் கூடப் போகவேண்டும். கிளினிக் கொப்பியும் குடிக்கும் குளிசைகளும் கையில் இருக்கட்டும். வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர் என்றால் அதை வாசலிலேயே சொல்லுங்கள், அந்த ஊசியைப் போடுவதா இல்லையா என்பதையே அது மாற்றிவிடும்.

வீட்டில் நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்கள்தான் அதிகம் கெடுக்கின்றன. அஸ்பிரின் கொடுக்காதீர்கள்: அடைப்பா, இரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்லமுடியாது, கசிவென்றால் அஸ்பிரின் அதைப் பெருக்கும். பிரஷர் குளிசையும் வேண்டாம்; அடைபட்ட இடத்துக்குப் பக்கத்துப் பகுதி அந்த அழுத்தத்தில்தான் உயிரோடு இருக்கிறது. தேத்தண்ணியோ தண்ணியோ பருக்கினால் புரையேறி நுரையீரலுக்குள் போய் நியுமோனியா வரலாம். எண்ணெய் பூசி உருவுவதற்கு முதலில் கொண்டுபோய்விட்டு மறுநாள் வைத்தியசாலைக்கு வரும் குடும்பங்கள் இன்னும் உண்டு. அவர்களுக்கு ஊசி போடும் நேரம் தாண்டிவிடுகிறது, அதைத் திரும்பப் பெற வழியில்லை.

வீட்டுக்கு வந்தபின் விழுந்த கையைப் பிடித்துத் தூக்கி எழுப்பாதீர்கள், தோள்மூட்டு விலகும். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். உணர்ச்சி குறைந்த பக்கத்துக்குச் சூட்டு ஒத்தடம் கூடாது, வெந்தாலும் அவருக்குத் தெரியாது. பிசியோதெரபியை முதல் மூன்று மாதம் விடவேண்டாம், முன்னேற்றத்தில் பெரும்பங்கு அப்போதுதான் வருகிறது. அதன் பிறகும் வரும், மெதுவாக.

வேலைக்குத் திரும்பும்போது பலரை வீழ்த்துவது கைகால் பலவீனத்தைவிடக் களைப்பு. வெளியே தெரியாத இந்தக் களைப்பைச் சக ஊழியர் சோம்பல் என்று நினைக்கிறார்கள், குடும்பமும் சிலவேளை அப்படித்தான் நினைக்கிறது. மூளை பழைய வேலையைப் புது வழியில் செய்யப் பாடுபடுவதாலும் அது வரலாம். முதலில் வீட்டில் சோதியுங்கள்: காலையில் எழும்பி, உடுத்து, இரண்டு மணித்தியாலம் கணக்கோ வாசிப்போ வலை பின்னலோ தொடர்ச்சியாகச் செய்யட்டும். அன்று மத்தியானம் படுத்தே கிடந்தால் இன்னும் நாள் ஆகவில்லை.

வைத்தியர் சம்மதித்தபின் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள், நாளுக்கு மூன்று மணித்தியாலம், காலை வேளையில் தொடங்குவது நல்லது. இரண்டு கிழமை தாங்கினால் நேரத்தையோ நாட்களையோ கூட்டுங்கள், இரண்டையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் சலம் கூட்டும் பிரஷர் குளிசை எடுப்பவர் வெயிலில் நின்றால் உடல் வறண்டு தலைசுற்றி விழுவார். குடிக்கும் தண்ணீரின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழிலுக்கேற்ற கவனமும் வேண்டும். படகில் தனியாகப் போகவே கூடாது. பாரிசவாதத்துக்குப் பிறகு வலிப்பு வரலாம், ஒரு கையால் இயந்திரத்தின் கயிற்றை இழுக்கும்போது சமநிலை தவறும். இரத்தம் உறையாத மருந்து எடுப்பவருக்குத் தூண்டில் கீறலே நீண்ட நேரம் கசியும். ஓட்டோ, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் குறைந்தது ஒரு மாதமாவது பொறுத்திருந்து பார்வைப் பரிசோதனையோடு வைத்தியரின் அனுமதியும் பெறவேண்டும். கண் நன்றாயிருந்தும் பார்வையின் ஒரு பாதி மறைந்திருக்கலாம், பல நேரம் ஓட்டுபவருக்கே அது தெரியாது. பணம் எண்ணும் வேலையில் சில மாதம் இன்னொருவர் சரிபார்க்கட்டும்.

பேச்சுக் குறைந்தவரிடம் "ஓம்", "இல்லை" என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள், வாயிலிருந்து சொல்லைப் பறிக்காதீர்கள். திருகோணமலையில் தமிழும் சிங்களமும் கலந்து வேலை செய்தவருக்கு ஒரு மொழி முந்தியும் மற்றது பிந்தியும் திரும்பக்கூடும். முந்தி வந்த மொழியில் முதல் வேலையைக் கொடுங்கள்.

மாதக் கிளினிக் நாளை மேலதிகாரியிடம் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள். வேலைக்குப் போகத் தொடங்கியதும் "இப்ப சுகம்" என்று குளிசையை விடுவதால் இரண்டாவது பாரிசவாதம் வருவது வழமை.

இராஜினாமாக் கடிதத்தை ஆறு மாதத்துக்குள் எழுதவேண்டாம். முதலில் சுகயீன விடுமுறை, பிறகு இலேசான கடமை, பிறகு வேலைக்குத் தகுதியா என்று பரிசோதிக்கும் மருத்துவச் சபையின் அறிக்கை என்ற வரிசையில் கேளுங்கள். நிரந்தரமாகவே வேலை செய்ய முடியாதென்று வைத்தியர் சான்றளித்தால், தனியார்துறை ஊழியர் ஊழியர் சேமலாப நிதியை 55 வயதுக்கு முன்னரும் எடுக்கலாம். அதற்கு முன்னால் தானாக விலகிவிட்டால் இலேசான கடமை கேட்கும் வாய்ப்பே கைவிட்டுப் போகும்.