மிட்வேயை மேசையில் ஆடுமுன் என்ன படிக்கலாம்?

1942 ஜூனில் அமெரிக்க, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் பசிபிக்கில் மோதிய போர் மிட்வே. இப்படிப்பட்ட கடற்போர்களை மேசையில் ஆடுபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கப்பல் விவரக் கையேடு. வேகம், கவசம், பீரங்கி அளவு எல்லாம் அதில் உண்டு; விளையாட்டுப் பெட்டியின் அட்டைகளிலும் அவைதான் உண்டு. உண்மையில் தேவைப்படுவது நேரக் கணக்கு: எதிரி கண்ணில் பட்டது எப்போது, செய்தி தளபதியிடம் வந்தது எப்போது, விமானங்கள் கிளம்பியது எப்போது.

1942 பசிபிக் போர்களுக்கு ஜோனதன் பார்ஷலும் ஆன்டனி டல்லியும் எழுதிய 'ஷாட்டர்ட் ஸ்வோர்ட்' (2005) முதல் புத்தகம். மிட்வேயில் இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் ஜப்பானிய விமானங்கள் கிளம்பியிருக்கும் என்று ஜப்பானியக் கடற்படை விமானி புச்சிடா மிட்சுவோ எழுதியது பல காலம் நிலைத்தது. ஜப்பானிய விமானப் பிரிவுகளின் பதிவேடுகளை வைத்து இவர்கள் அதை உடைத்தார்கள். அமெரிக்கக் குண்டு விழுந்தபோது ஜப்பானிய விமானந்தாங்கிகளின் மேல்தளத்தில் காவல் ஃபைட்டர்கள் (சண்டை விமானங்கள்) தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தாக்குதல் விமானங்கள் கீழே ஹாங்கரில் (விமானக் கொட்டகையில்) இருந்தன. அவற்றை மேலேற்றி, என்ஜினைச் சூடாக்கி அனுப்ப முக்கால் மணி நேரமாவது வேண்டும். ஆகவே விதி இப்படி இருக்கட்டும்: ஒரே சுற்றில் ஒரு கப்பலின் தளம் தாக்குதலை அடுக்கலாம், அல்லது விமானங்களை இறக்கலாம், இரண்டும் கூடாது. இது இல்லாவிட்டால் ஜப்பான் தரப்பு ஆடுபவருக்கு ஜப்பானிய விமானந்தாங்கிப் படையின் தளபதி நகுமோவின் தலைவலி புரியவே புரியாது.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்து நான்கு நெடுவரிசை போடுங்கள்: நேரம், பார்த்தவர், சொன்னது, உண்மையில் இருந்தது. மிட்வேயில் ஜப்பானின் டோனே கப்பலிலிருந்து போன உளவு விமானம் 7.28க்குப் பத்துக் கப்பல்கள் என்றது. விமானந்தாங்கி இருக்கிறது என்று சொல்ல 8.20 ஆயிற்று. அதற்கு முந்தைய பவளக் கடல் போரில் மே 7 அன்று ஜப்பானியர் விமானந்தாங்கி என்று அறிவித்தது அமெரிக்காவின் நியோஷோ என்ற எண்ணெய்க் கப்பலை! தாள் நிரம்பியதும் விதி தானாக வரும்: ஒவ்வொரு தகவலுக்கும் நடுவர் மறைவாகப் பகடை உருட்ட, 1 அல்லது 2 விழுந்தால் கப்பல் வகை தவறாகச் சொல்லப்படும்.

இங்கே ஒரு பள்ளம். ஜப்பானியப் பதிவுகள் டோக்கியோ நேரத்தில் உள்ளவை. ஜூன் 5 காலை 7.20 என்று அங்கே இருப்பது மிட்வே கடிகாரத்தில் ஜூன் 4 காலை 10.20. இரு தரப்பு நூல்களையும் கலந்து காட்சி அமைப்பவர்கள் இடறுவது இதில்தான்.

பழகுவதற்குச் சின்னக் காட்சி வேண்டுமானால் 1942 ஏப்ரல் 9, ஜப்பானியரின் திருகோணமலைத் தாக்குதல். மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில், பிரிட்டனின் ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் ஜப்பானிய விமானந்தாங்கி அகாகியின் மேல் வந்து குண்டு போட்டன. எதுவும் படவில்லை. உங்கள் எச்சரிக்கை விதியில் இப்படி நடக்க வழியே இல்லையென்றால் விதியைத் தளர்த்துங்கள்.

ஃபைட்டர் சண்டைக்கு ஜான் லண்ட்ஸ்ட்ராமின் 'தி ஃபர்ஸ்ட் டீம்' (1984). சேதப் பட்டியலைச் சரிபார்க்க வெய்ன் ஹியூஸின் 'ஃப்ளீட் டாக்டிக்ஸ்' (1986): சராசரியாக ஒரு கப்பலின் விமானப் பிரிவு எதிரியின் ஒரு விமானந்தாங்கியை முடிக்கும் என்பது அவர் கணக்கு. மிட்வேயில் அமெரிக்காவின் எண்டர்பிரைஸ், ஜப்பானின் காகா, அகாகி இரண்டையும் முடித்தது விதிவிலக்கு. உங்கள் மேசையில் அதுவே வழக்கமானால் உங்கள் சேதப் பட்டியல் அளவுக்கு மேல் கடுமையாக இருக்கிறது.

கடல் வலிமை பற்றி மஹான் எழுதிய நூலை (1890) அவசரமாக வாங்க வேண்டாம். நீண்ட போர்த்தொடர் ஆடுபவர்களுக்குக் கூட கடற்போர் உத்தி பற்றிய கார்பெட்டின் 1911 நூல்தான் அதிகம் உதவும். கடல்வழியைக் காப்பதும் மறிப்பதும் அதில் இருக்கிறது.