சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு யுஎஸ்டிடி: ரூபாயாகக் கைக்கு வரும் வரை

மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு அனுப்புபவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம். 2023 பிப்ரவரியில் பேநவ்–யூபிஐ இணைப்பு வந்தபின், சேர்ந்திருக்கும் வங்கிகளில் கணக்கு இருந்தால், நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை கைபேசியிலேயே போய்விடுகிறது. சேமிப்பில் ஒரு பங்கை ஏற்கெனவே யுஎஸ்டிடியாக (டாலர் மதிப்பை ஒட்டியே இருக்கும் கிரிப்டோ காயின்) வைத்திருந்து, அதை வெள்ளியாக்காமல் நேரே ஊருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நான் என் தம்பிக்கு அனுப்பும் முறை இது.

1. இரண்டு பக்கமும் கணக்கு

இங்கே மாஸ் (சிங்கப்பூர் நாணய ஆணையம்) உரிமம் பெற்ற கிரிப்டோ தளம். அங்கே எஃப்ஐயு (இந்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவு பெற்ற இந்தியத் தளம். கேஒய்சி முடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே பாருங்கள்: சில இந்தியத் தளங்களில் காயின் வாங்கலாம், விற்கலாம், வெளியிலிருந்து காயின் உள்ளே வர விடமாட்டார்கள். டெபாசிட் பக்கத்தில் யுஎஸ்டிடி இருக்கிறதா என்று பார்த்த பிறகே தம்பியைக் கணக்குத் திறக்கச் சொல்லுங்கள். ஓடிபிக்கு எஸ்எம்எஸ் வேண்டாம், ஆதென்டிகேட்டர் ஆப் வையுங்கள்.

2. நெட்வொர்க் (இங்கே அவசரப்படாதீர்கள்)

யுஎஸ்டிடி ஒன்றுதான் என்றாலும் அது ஓடும் தடங்கள், அதாவது பிளாக்செயின் நெட்வொர்க்குகள், பல. எத்திரியம், பாலிகன், பிஎன்பி மூன்றிலும் முகவரி 0x என்றே தொடங்கும். தம்பி கொடுத்தது எத்திரியம் முகவரி, நீங்கள் தேர்ந்தெடுத்தது பாலிகன் என்றாலும் திரையில் எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம். காயின் கிளம்பிவிடும், தம்பியின் கணக்கில் ஏறாது. அந்தத் தளம் மனம் வைத்து மீட்டுக் கொடுத்தால்தான் உண்டு.

அதனால் நான் டிரான் (டிஆர்சி-20) மட்டுமே பயன்படுத்துகிறேன். அதன் முகவரி T என்று தொடங்கும், 34 எழுத்து. நெட்வொர்க்கை மாற்றிப் போட்டால் முகவரி தவறு என்று திரையே நிறுத்திவிடும். கட்டணத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தப் பாதுகாப்பைக் கவனிப்பதில்லை. டிரான் இரண்டு தளங்களிலும் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

யுஎஸ்டிடிக்குப் பதிலாக எக்ஸ்ஆர்பி என்ற காயினை அனுப்புபவர்கள் முகவரியோடு டேக் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். தளத்தின் முகவரி எல்லோருக்கும் பொது, அந்த எண்தான் உங்கள் தம்பியை அடையாளம் காட்டும்.

3. பெறுபவர் பெயர்

அனுப்பும்போது பெறுபவர் யார், எந்தத் தளம் என்று கேட்பார்கள். நம் ஊர் இனிஷியல் இங்கேதான் சிக்கலாகிறது. வீட்டில் மு. செந்தில், பான் கார்டில் முருகேசன் செந்தில். அந்தத் தளத்தில் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள். தம்பியிடம் வாய்மொழியாகக் கேட்காமல் ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள்.

4. முதலில் சிறு தொகை

தளம் அனுமதிக்கும் குறைந்தபட்சத் தொகைக்குச் சற்று மேலே அனுப்பி, தம்பி அதை ரூபாயாக்கி வங்கியில் ஏறியதைப் பார்த்த பிறகே மீதி. காயின் வந்துவிட்டது என்பது போதாது.

5. விற்பது

தளத்தின் சந்தையிலேயே விற்கச் சொல்லுங்கள். பி2பி, அதாவது முன்பின் தெரியாத ஒருவருக்கு நேரடியாக விற்பது, வேண்டவே வேண்டாம். ஓரிரு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்று வருபவர் போடும் பணம் சைபர் மோசடியில் பறித்ததாக இருந்தால், பணத்தை இழந்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்ததும் அந்தச் சங்கிலியில் உள்ள கணக்குகளை முடக்குவார்கள். உங்கள் தம்பிக்கு எதுவுமே தெரியாது என்றாலும், அதை நிரூபித்து முடக்கத்தை நீக்க அலைய வேண்டியது அவர்தான்.

6. வரி

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நீங்கள் வாங்கிய விலை ரூபாயில் 90, தம்பி விற்றது 93, மொத்தம் 700 யுஎஸ்டிடி. தளக் கட்டணத்தை விட்டுவிட்டால் விற்ற தொகை 65,100. அதில் 1% டிடிஎஸ் 651 ரூபாய் அப்போதே பிடித்துவிடுவார்கள். லாபம் 2,100. அதற்கு 30% வரியும், வரியின் மேல் 4% செஸ்ஸும் சேர்த்து ஏறக்குறைய 655. பிடித்த 651-ஐ இதில் கழித்துக்கொள்ளலாம், அதற்கு ஐடி ரிட்டர்ன் போட வேண்டும். தம்பிக்கு வேறு வருமானமே இல்லாவிட்டாலும் இந்த 30% உண்டு.

உடன்பிறந்தவருக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனால் நீங்கள் வாங்கிய விலைக்கான ரசீது தம்பியிடம் இல்லையென்றால் லாபம் 2,100 மட்டும்தான் என்று அவரால் காட்ட முடியாது. வாங்கிய ரசீது, பரிவர்த்தனை எண், ஒரு பக்க அன்பளிப்புக் கடிதம் மூன்றையும் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் அல்ல, மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள்.

பின்னர் சேர்த்தது: தளத்தில் வைக்காமல் தன் சொந்த ஆப்பில் காயின் வைத்திருக்கும் (தனி வாலட்) நண்பர் ஒருவர், தான் அனுப்பாத முகவரி ஒன்று பரிவர்த்தனை வரலாற்றில் இருக்கிறதே என்று கேட்டார். தம்பியின் முகவரி போலவே முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து பொருந்தும்படி ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து சில்லறைத் தொகையை மோசடிக்காரர்கள் உங்களுக்குப் போட்டுவைப்பார்கள். அடுத்த முறை நீங்கள் வரலாற்றிலிருந்து நகலெடுப்பீர்கள் என்ற கணக்கு. தம்பியின் முகவரியைப் பெயரோடு சேமித்து, அந்தப் பட்டியலில் இருந்து மட்டும் எடுங்கள். நடு எழுத்துகளையும் பாருங்கள். தனி வாலட் என்றால் கட்டணத்துக்குக் கொஞ்சம் டிஆர்எக்ஸ் (டிரானின் சொந்தக் காயின்) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யுஎஸ்டிடி நகராது.