வீட்டுக் கணக்குக்கு மென்பொருள்: தெரிவில் நடக்கும் பிழைகள்

காத்தான்குடியில் இருந்து தேடினாலும் களுவாஞ்சிகுடியில் இருந்து தேடினாலும் 'சிறந்த பத்து வீட்டுக் கணக்கு மென்பொருள்கள்' என்ற மாதிரிப் பட்டியல்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றில் அநேகமானவை அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மாதச் சம்பளம், நாலைந்து கிரெடிட் கார்ட், வீட்டுக் கடன், பங்கு முதலீடு என்று ஓடும் வாழ்க்கைக்கு எது வசதி என்றுதான் அங்கே புள்ளி போடுகிறார்கள். இலங்கையின் கிழக்கில், நம் பக்கத்தில் காசு வரும் வழி வேறு. பெரும்போக வேளாண்மை வெட்டினால் ஒரு தொகை வரும், கட்டாரில் இருந்து மகன் அனுப்பினால் ஒரு தொகை வரும், நடுவில் முடை வந்தால் காப்பு அடகுக்குப் போகும், எந்நேரமும் ஒரு சீட்டு ஓடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் யோசிக்காமல் பட்டியலில் முதலாவதாக நிற்பதை எடுப்பதுதான் தாய்ப்பிழை. மற்றப் பிழைகள் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வங்கியோடு தானாக இணையும் என்ற வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் அதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். அந்த இணைப்பு ப்ளெயிட் போன்ற இடைநிறுவனங்கள் வழியாக நடக்கிறது; அவை வேலை செய்வது அமெரிக்கா, கனடா, ஐரோப்பா வங்கிகளோடு. நம் வங்கிகளில் பெரும்பாலும் கிடைப்பது பிடிஎஃப் ஸ்டேட்மென்ட், சில இடங்களில் எக்செல் அல்லது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) கோப்பு. ஆகவே இணைப்புக்காகக் காசு கட்டுவது வீண். அதற்குப் பதிலாக, உங்கள் வங்கியின் ஒன்லைன் பக்கத்தில் சிஎஸ்வி கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால், அதை உள்ளே எடுக்கக்கூடிய மென்பொருளைத் தெரிவு செய்யலாம். எடுக்கும்போது திகதியின் ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்: 04/05 என்பதை மென்பொருள் ஏப்ரல் 5 என்று வாசித்துவிட்டால் மே 4ஆம் திகதிச் செலவு ஒரு மாதம் முன்னால் போய் உட்காரும். அப்புறம், வங்கியின் கடவுச்சொல்லை எந்த மூன்றாம் மென்பொருளிலும் அடிக்கவே வேண்டாம்.

விலை விஷயம் குறுகியது. வைநாப் (YNAB) என்ற பிரபலமான பட்ஜெட் மென்பொருளின் ஆண்டுச் சந்தா 109 டொலர். குவிக்கன் (Quicken) என்ற கணக்கு மென்பொருளும் இப்போது சந்தாதான், அதுவும் அமெரிக்கா, கனடா வீடுகளுக்காகச் செய்யப்பட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. டொலரில் சந்தா கட்டியவரின் செலவும் கூடவே ஏறியது. செலவைக் குறைக்க உதவும் என்று எடுத்த பொருளே அப்படி ஏறினால் என்ன பயன்? இதற்குப் பயந்து கடையில் போய் 'ஃபுல் வேர்ஷன்' என்று கிராக் செய்ததைப் போட்டுக்கொண்டு வருவது அதைவிட மோசம். நீங்கள் வங்கிக் கடவுச்சொல் அடிக்கும் அதே கணினியில், யார் திறந்து என்ன சேர்த்தார்கள் என்று தெரியாத ஒரு மென்பொருள் ஓடும். க்னூகேஷ், ஹோம்பேங்க், மணி மேனேஜர் ஈஎக்ஸ் மூன்றும் சட்டப்படியே இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். அவற்றின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்கினால் போதும்.

அடகும் சீட்டும் எந்தப் பெட்டியில்?

இங்கேதான் அதிகம் கவனம் தேவை. மாலையொன்றை அடகு வைத்து மூன்று இலட்சம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். வரவு, செலவு என்று இரண்டே பெட்டி உள்ள மென்பொருளில் அந்தக் காசை எங்கே எழுதுவது? அநேகர் வரவில் எழுதுவார்கள். அந்த மாதம் வீடு நல்ல செழிப்பு என்று வரைபடம் காட்டும். எட்டு மாதம் கழித்து மீட்கும்போது முதலையும் வட்டியையும் சேர்த்துச் செலவில் எழுதுவார்கள்; அந்த மாதம் குடும்பமே மூழ்கியதாகக் காட்டும். இரண்டும் பொய். மாலை இன்னும் உங்கள் சொத்து. எடுத்த மூன்று இலட்சம் கடன். உண்மையான செலவு வட்டி மட்டும்தான், அந்த வட்டி எவ்வளவு என்பதைத்தான் நீங்கள் வருடக் கடைசியில் தெரிந்துகொள்ள வேண்டும். அடகு வட்டியை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்த வீடுகளில் அடுத்த முறை நகையைக் கையில் எடுக்கும்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சீட்டும் அப்படித்தான், ஆனால் அது நடுவில் பக்கம் மாறும். இருபது பேர், மாதம் பத்தாயிரம், ஏலமோ கழிவோ இல்லாத சீட்டு. எடுக்கும் வரை நீங்கள் கட்டுவது சேமிப்பு. அதைச் செலவில் எழுதினால் பிழை. மூன்றாவது மாதம் சீட்டு உங்களுக்கு விழுந்தால் கையில் வருவது 200,000. அதில் 30,000 நீங்கள் கட்டியது, மீதி 170,000 மற்றவர்களுக்கு நீங்கள் தர வேண்டிய கடன். அதற்குப் பிறகு மாதாமாதம் கட்டும் பத்தாயிரம் கடனைக் குறைக்கிறது. இதைச் சரியாக எழுத வேண்டுமென்றால் மென்பொருளில் 'கடன்' என்ற வகையில் ஒரு கணக்குத் திறக்க முடிய வேண்டும், ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்குக் காசை 'மாற்ற' முடிய வேண்டும். மேலே சொன்ன மூன்றிலும் இது முடியும். க்னூகேஷ் முழுக்க இரட்டைப் பதிவு முறையில் ஓடுவதால் காசு எந்தக் கணக்கில் இருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று ஒவ்வொரு பதிவிலும் இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும். பள்ளியில் கணக்கியல் படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடும், இல்லாவிட்டால் தொடக்கத்தில் கொஞ்சம் தலை சுற்றும். செலவை மட்டும் வட்டப் படமாகக் காட்டும் அழகான சின்ன மென்பொருள்களில் இந்த வசதி பல நேரம் இருக்காது. வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் எண்ணம்.

கடைக் கொப்பியில் எழுதி வாங்கும் சாமானும் கடன் கணக்கில்தான் வர வேண்டும். நுண்கடன் தவணையை முதல் வேறு, வட்டி வேறு என்று பிரித்து எழுதுங்கள். நிலையான வைப்பு வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பிரித்தெழுதும் வசதி கட்டாயம் தேவை. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதத்தை வங்கி வரியாகக் கழிக்கிறது. பாஸ் புத்தகத்தில் விழுந்த தொகையை மட்டும் எழுதினால், பின்னால் வரிப் படிவம் நிரப்பும்போது முழு வட்டி எவ்வளவு, கழித்தது எவ்வளவு என்று மறுபடி வங்கிக்கு நடக்க வேண்டி வரும்.

மாதக் கணக்கு பொருந்தாத வீடு

சம்மாந்துறையிலோ படுவான்கரையிலோ வயல் செய்பவர் மாதாந்த பட்ஜெட் மட்டும் உள்ள மென்பொருளை எடுத்தால், மாதத்துக்கு மாதம் சிவப்பு எழுத்தைத்தான் பார்ப்பார். ஒக்டோபர், நவம்பரில் உழவும் விதைநெல்லும், அதன் பிறகு உரமும் எண்ணெயும், கடைசியில் வெட்டு மெசின் கூலி. எல்லாம் காசு போகும் மாதங்கள். பெப்ரவரி, மார்ச்சில்தான் திரும்ப வரும். அதிலே பச்சை நிறத்தில் பெரிய எண்ணைக் கண்டு, இந்த மாதம் நிறைய மிச்சம் என்று மென்பொருள் வாழ்த்துச் சொல்லும். அந்தக் காசில் கடனும் அடுத்த போகத்து விதைநெல்லும் அடங்கியிருப்பது அதற்குத் தெரியாது.

க்னூகேஷில் பட்ஜெட்டின் காலத்தை நாமே வைக்கலாம். மணி மேனேஜர் ஈஎக்ஸ் ஆண்டு பட்ஜெட்டும் தரும். இன்னொரு வழி, கையில் இருக்கும் காசை மட்டும் பங்குபோடும் உறை முறை. வெட்டுக் காசு வந்த அன்றே அதை அரிசி, பள்ளிக் கட்டணம், உரம், கடன் என்று வரும் மாதங்களுக்குப் பிரித்து வைக்கலாம். வைநாப் அந்த முறையில்தான் ஓடுகிறது. அதே முறையில் ஓடும் அக்சுவல் என்ற மென்பொருள் 2022இல் இருந்து திறந்த மூலமாகி இலவசமாகிவிட்டது. போகத்துக்குப் போகம் வாழும் குடும்பத்துக்கு இந்த முறை, நுட்பமான எந்த வரைபடத்தையும்விட உதவும். எதை எடுத்தாலும் வயல் செலவையும் வீட்டுச் செலவையும் ஒரே வகைக்குள் கலக்காதீர்கள். டீசல் டிராக்டருக்கா வானுக்கா என்று மார்ச் மாதம் யாருக்கும் நினைவிருக்காது.

வெளிநாட்டுக் காசு வரும் வீட்டில் இன்னொரு சிக்கல் சேரும். கணக்குத் திறக்கும்போதே அடிப்படை நாணயம் இலங்கை ரூபாய் என்று வையுங்கள்; டொலரிலேயே விட்டுவிட்டு ஓடும் கணக்குகள் பின்னால் திருத்தக் கஷ்டம். கட்டார் றியால் டொலரோடு 3.64 என்று கட்டப்பட்டது, அதனால் 2022இல் டொலர் ஏறியபோது ஒரு றியாலும் 55 ரூபாய் அளவில் இருந்து 99 வரை போனது. அந்தந்த நாளின் மாற்று விகிதத்தோடு பதிவு செய்ய விடாமல் எல்லாப் பழைய பதிவையும் இன்றைய விகிதத்தில் காட்டும் மென்பொருள் என்றால், மகன் அந்த வருடம் எவ்வளவு அனுப்பினான் என்பதற்குப் பதில் பிழையாகத்தான் வரும்.

எழுத்துருவும் ஒரு பொறி. நம் பக்கத்தில் தட்டச்சுப் பழகியவர்களில் பலருக்குக் கை பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் ஓடும். பாமினியில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் சேமிக்கப்படும். அந்த எழுத்துரு இல்லாத மென்பொருளில் 'உரம்' என்று எழுதியது வெறும் கிறுக்கலாக நிற்கும், தேடினாலும் அகப்படாது. யுனிகோடில் அடியுங்கள். புதிய மென்பொருளில் முதலில் இரண்டு வகைப் பெயரைத் தமிழில் எழுதி, மூடித் திறந்து பாருங்கள். கேள்விக்குறியாக மாறினால் அதை விட்டுவிடலாம்.

மென்பொருள் செத்தால் கணக்கு என்னாகும்?

மைக்ரோசொஃப்ட் மணி ஒரு காலத்தில் வீட்டுக் கணக்கின் பெரிய பெயர். 2009இல் விற்பனையை நிறுத்தினார்கள். இணையத்தில் இலட்சக்கணக்கானோர் பாவித்த மின்ட் 2024 மார்ச்சில் மூடப்பட்டது. பெரிய நிறுவனம் என்பதால் நிலைக்கும் என்று எண்ணுவது சரியில்லை. இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே: பதிவு முழுவதையும் சிஎஸ்வி கோப்பாகவோ, கணக்கு மென்பொருள்கள் பல வாசிக்கும் கியூஐஎஃப் கோப்பாகவோ வெளியே எடுக்க முடியுமா? காசு கட்டுமுன் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் சில நேரம் சிதையும்; யூடிஎஃப்-8 (யுனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறை) என்று தெரிவு செய்து உள்ளே எடுத்தால் சரியாகும்.

கரண்ட் போவதையும் கணக்கில் எடுங்கள். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இது சின்ன விஷயமில்லை. மணி மேனேஜர் ஈஎக்ஸ் ஒவ்வொரு பதிவையும் உடனே எழுதிவிடும். ஹோம்பேங்கில் நாமே சேமிக்க வேண்டும். க்னூகேஷ் வழக்கமான வடிவில் இடைக்கிடை தானாகச் சேமிக்கும், எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள வடிவில் வைத்தால் உடனுக்குடன் எழுதும். க்னூகேஷில் இன்னொரு தொல்லை உண்டு: திகதி போட்ட பிரதிகளை அதே கோப்புறையில் குவித்து வைக்கும். அவசரத்தில் போன கிழமைப் பிரதியைத் திறந்து அதிலேயே எழுதத் தொடங்கிவிட்டு, 'பதிந்ததெல்லாம் காணாமல் போய்விட்டது' என்று பதறுவோர் உண்டு. கணக்குக்குத் தனிக் கோப்புறை ஒன்று வைத்து, சரியான கோப்புக்கு டெஸ்க்டொப்பில் ஒரு குறுக்குவழி போட்டால் தீர்ந்தது.

மழை காலத்தில் வெள்ளம் வாசல்படி ஏறும் ஊர்களில், கணினியும் பிரதியெடுத்த பென் டிரைவும் ஒரே அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தால் பிரதி எடுத்ததில் அர்த்தமில்லை. ஒன்று மேட்டு நிலத்து உறவினர் வீட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இணையச் சேமிப்பில் இருக்கட்டும். வெளியே கொடுப்பதென்றால் கடவுச்சொல் போட்டுக் கொடுங்கள். மணி மேனேஜர் ஈஎக்ஸில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. க்னூகேஷ் கோப்புக்குப் பூட்டு இல்லை, ஆகவே செவன்சிப் (7-Zip) என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருள் போன்ற ஒன்றில் பூட்டி அனுப்ப வேண்டும். கணினியைத் திருத்தக் கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை.

ஒரே ஒரு அரசாங்கச் சம்பளம், ஒரு கடன், ஒரு சேமிப்புப் புத்தகம் என்று இருக்கும் வீட்டுக்கு இதெல்லாம் மிகை. எக்செலோ லிப்ரே ஓபிஸோ தாராளமாகப் போதும். மற்றவர்கள், பழைய கொப்பிகளை எடுத்து ஐந்து வருடக் கணக்கையும் ஏற்றிவிட வேண்டும் என்று தொடங்காதீர்கள். பாதியில் அலுத்துக் கைவிடுவது அப்படித்தான் நடக்கிறது. ஒரு நாளைத் தெரிவு செய்து, அன்றைக்குக் கையில், வங்கியில், அடகில், சீட்டில் இருப்பதை மட்டும் தொடக்க மீதியாக எழுதிவிட்டு ஆரம்பியுங்கள். வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரல் 1 அதற்கு வசதி. பெரும்போகக் காசும் அநேகமாக அதற்குள் கைக்கு வந்திருக்கும்.