குன்னூர் குளிர்லயும் தண்ணியா நின்ன க்ரீம்
டிசம்பர் மாசம், ஸ்ட்ராபெரி வேற வாங்கியாச்சு, கெட்டியா நுரைச்சு வரட்டும்னு கடையில இருந்த பாக்கெட் க்ரீமை இருபது நிமிஷம் பீட்டர்ல அடிச்சேன், கெட்டி மோர் மாதிரியே நின்னுச்சு. ஊரே ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கே, இதுக்கு மேல என்ன குளிரணும்னு ஒரே கடுப்பு. அப்புறந்தான் கவரைப் பாத்தேன், கொழுப்பு 25% தான். அது குருமாவுக்குத்தான் லாயக்கு, அடிச்சா நிக்க குறைஞ்சது 30 வேணும், 35 இருந்தா நிம்மதி.

மறுநாள் 35% விப்பிங் க்ரீம் வாங்கி, கிண்ணம், பீட்டர் கம்பி ரெண்டையும் ஃப்ரீசர்ல கால் மணி நேரம் வச்சு அடிச்சேன், நாலே நிமிஷத்துல க்ரீம் கெட்டியாகி கம்பி போன தடம் கோடா விழ ஆரம்பிச்சுது. ஆசைல இன்னும் கொஞ்சம் அடிச்சேனா, ரவை மாதிரி திரிஞ்சுபோச்சு (இன்னும் விட்டிருந்தா வெண்ணெய்தான்). அடிக்காத க்ரீம் ரெண்டு ஸ்பூன் ஊத்தி கரண்டியால மெதுவா கிளறினேன், வழவழன்னு ஆயிடுச்சு.